பிரேக் பிடித்தால் இடப்பக்கம் இழுத்த எம்35ஏ2: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

அமெரிக்க ராணுவம் கழித்துவிட்ட எம்35ஏ2 லாரி ஒன்றை ஏலத்தில் எடுத்த அண்ணன் தம்பி இருவரின் அனுபவம் இது. பண்ணைக்குள் தண்ணீர்த் தொட்டி ஏற்றவும், மேடு பள்ளத்தில் மரத்துண்டுகளைக் கொண்டுவரவும் அவர்களுக்கு மூன்று அச்சும் இழுக்கும் வண்டி ஒன்று தேவைப்பட்டது. ஸ்பேனர் பிடித்தவர் ஓய்வுபெற்ற டீசல் மெக்கானிக் ஒருவர். எந்த உதிரிபாகம், எந்த எண், வாங்கலாமா வேண்டாமா என்று பார்த்துச் சொல்வது என் பங்காக இருந்தது.

வண்டியைத் தெரியாதவர்களுக்கு: எம்35 குடும்பம் ரியோ நிறுவனத்தின் வடிவமைப்பு. 1950-களின் தொடக்கத்தில் ராணுவத்துக்குள் வந்து, பல நிறுவனங்களின் கையில் பல பத்தாண்டுகள் உற்பத்தியில் இருந்தது. கரடுமுரடான தரையில் இரண்டரை டன் சுமக்கும் என்பதால் 'டியூஸ் அண்ட் எ ஹாஃப்' என்றே எல்லோரும் சொல்வார்கள். காலி வண்டியே ஏறக்குறைய 6 டன். ஏ2 வகையில் டீசல் தவிர வேறு எரிபொருள்களும் குடிக்கும் ஆறு சிலிண்டர் மல்டிஃபியூயல் என்ஜின், 24 வோல்ட் மின்சாரம், காற்றின் உதவியோடு இயங்கும் ஹைட்ராலிக் பிரேக்.

இந்த பிரேக்கைப் பற்றி ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மிதித்தால் ஒரே ஒரு மாஸ்டர் சிலிண்டர், அதிலிருந்து ஒரே சுற்று. நடுவில் காற்றழுத்தத்தால் இயங்கி மிதிக்கு வலு சேர்க்கும் பூஸ்டர் ஒன்று. 'ஏர்பேக்' என்பார்கள், விபத்தில் விரியும் பலூன் இல்லை. ஏதாவது ஒரு ஹோஸ் வெடித்தால் ஆறு டிரம்மிலும் ஒன்றாக பிரேக் போய்விடும். மிச்சம் இருப்பது, முன் பின் அச்சுகளுக்குச் சக்தியைப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால் ஷாஃப்ட்டைப் பிடிக்கும் ஹேண்ட் பிரேக் மட்டும். நிறுத்திய வண்டியைப் பிடித்து வைக்க அது போதும். இறக்கத்தில் சுமையோடு ஓடும் வண்டியை அதை நம்பி விட முடியாது.

வண்டி வந்தபோது கண்டவை

டாஷ்போர்டில் இரண்டு தகடுகள். ஒன்று தயாரிப்பாளருடையது. இன்னொன்று ராணுவ டிப்போவில் முழுதாகப் பிரித்து மறுபடி கட்டியதைச் சொல்லும் தகடு. இரண்டாவதை உரிமையாளர்கள் பெருமையோடு காட்டினார்கள். எனக்கு அது எச்சரிக்கையாகத்தான் பட்டது. டிப்போவில் மறுகட்டுமானம் ஆன வண்டியில், தகடு சொல்லும் ஆண்டுக்கும் அடியில் இருக்கும் பாகத்துக்கும் உறவு இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. கையில் கிடைத்த நல்ல பாகத்தைப் பூட்டி அனுப்புவதுதான் அங்கே வேலை. டிரான்ஸ்ஃபர் கேஸையே எடுத்துக்கொள்ளுங்கள்: முன் அச்சைத் தானாக இணைக்கும் ஸ்ப்ராக் வகையும் உண்டு, காற்றால் இணைக்கும் வகையும் உண்டு. ஒரே மாடல் பெயருக்குள் இரண்டும் ஓடுகின்றன.

ஓட்டிப் பார்த்ததில் மூன்று குறைகள் தெரிந்தன. பிரேக் பிடித்தால் வண்டி இடப்பக்கம் இழுத்தது. பெடல் முதல் மிதியில் கீழே போனது, இரண்டாவது மிதியில் மேலே நின்றது. கொஞ்சம் ஓட்டி நிறுத்தினால் வலப்பக்கக் கடைசிச் சக்கரத்தருகே கியர் ஆயில் வாடை அடித்தது.

உரிமையாளர்கள் அதற்குள் ஒரு முடிவோடு இருந்தார்கள்: பூஸ்டர் போய்விட்டது, புது பூஸ்டர் வாங்கிவிடலாம். யாரோ அப்படிச் சொல்லியிருந்தார்கள். விலைகூட விசாரித்தாகிவிட்டது.

முதல் முடிவு: நிறுத்து, வாங்காதே

மெக்கானிக் இரண்டு காரணங்கள் சொல்லி மறுத்தார். பூஸ்டர் எல்லாச் சக்கரத்துக்கும் பொது. அது கெட்டால் பெடல் கல் போல இறுகும், இல்லையென்றால் வண்டி நிற்கத் தாமதமாகும். ஒரு பக்கம் மட்டும் இழுப்பது அதன் வேலையாக இருக்க முடியாது. இரண்டாவது மிதியில் பெடல் நிற்கிறது என்றால், ஷூவின் மேலுள்ள உராய்வுப் பட்டையான லைனிங்குக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடியிருக்க வேண்டும் அல்லது குழாயில் காற்று இருக்க வேண்டும். முதலில் டிரம்மைத் திறந்து பார்ப்போம் என்றார்.

அதுவரை வண்டியை ஓட்டக் கூடாது என்று முடிவானது. தம்பிக்கு இதில் வருத்தம்தான். என்ஜின் அருமையாக ஓடுகிறதே, எரிபொருள் பம்பைத் திருகிக் கொஞ்சம் சக்தி கூட்டலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒற்றைச் சுற்று பிரேக் உள்ள 6 டன் வண்டியில் அந்தப் பேச்சுக்கே அப்போது இடமில்லை.

ரிசர்வாயரிலிருந்து பிரேக் ஆயிலை உறிஞ்சி ஒரு கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி ஒரு இரவு வைத்தோம். செலவே இல்லாத இந்தச் சோதனைதான் அந்த வாரத்தின் பெரிய கண்டுபிடிப்பு. காலையில் பாட்டிலில் இரண்டு அடுக்குகள். மேலே ஊதா நிறம், கீழே தேன் நிறம், நடுவில் கோடு போட்டதுபோல எல்லை. மேலே நின்றது சிலிக்கோன் வகை, அதாவது பிரேக் ஆயில் தரப்பிரிவில் டாட் 5. கீழே கிடந்தது கிளைக்கால் வகை, டாட் 3 அல்லது 4. சிலிக்கோன் எடை குறைவு, மிதக்கும். இரண்டும் ஒன்றோடொன்று கலக்காது.

எப்படி வந்திருக்கும் என்று ஊகிப்பது கடினமில்லை. அமெரிக்க ராணுவம் 1980-களின் முதல் பாதியில் தன் வாகனங்களை சிலிக்கோனுக்கு மாற்றியது. சிலிக்கோன் ஈரத்தை உறிஞ்சாது, மாதக்கணக்கில் நிற்கும் வண்டிக்குத் தோது. பிற்பாடு யாரோ ஒருவர் மட்டம் குறைந்ததைப் பார்த்து, கடையில் கிடைத்ததை ஊற்றியிருக்கிறார்.

டிரம்மைத் திறந்தபோது

எம்35ஏ2-வின் இடப்பக்கச் சக்கர நட்டுகளுக்கு இடது மரை. நட்டு ஏறும் ஸ்டட்டின் முனையில் எல் என்று பொறித்திருக்கும், ஆனால் பெயின்ட்டுக்கு அடியில் அது கண்ணில் படாது. வண்டி வந்த புதிதில் ஒரு டயர் கடை இது தெரியாமல் இம்பேக்ட் துப்பாக்கியை வழக்கமான திசையில் பிடித்து இடப்பக்கம் இரண்டு ஸ்டட்டை முறித்திருந்தது. இறுக்குகிறோம் என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

டயர் கழற்றும் முன் வால்வு கோரைப் பிடுங்கி முழுக் காற்றையும் இறக்கினோம். இந்த ரிம்மில் டயரைப் பிடித்திருப்பது லாக் ரிங். துருவேறிய லாக் ரிங் காற்றோடு இருக்கும்போது தெறித்தால் எதிரே நிற்பவர் பிழைப்பது அரிது. மறுபடி காற்றடிப்பது கூண்டுக்குள் வைத்துத்தான். இதில் விட்டுக்கொடுக்க எதுவுமில்லை.

ஆக்சில் ஷாஃப்ட்டை உருவும் முன் எல்லாச் சக்கரத்துக்கும் கட்டை வைத்தார் மெக்கானிக். ஹேண்ட் பிரேக் ஷாஃப்ட்டைத்தான் பிடிக்கிறது. ஒரு பக்க ஆக்சிலை உருவிவிட்டால் அந்த அச்சை அது பிடிப்பதில்லை.

டிரம்மும், சக்கரத்தின் நடுவில் பேரிங் இருக்கும் ஹப்பும் ஒன்றாகத்தான் வெளியே வரும். எட்டுமுக நட்டுக்கு அதற்கென்றே உள்ள சாக்கெட் வேண்டும். உளி வைத்துத் தட்டிக் கழற்றிய தழும்புகள் முந்தையவரின் கதையைச் சொல்லின. வலப்பக்கக் கடைசி டிரம்முக்குள் லைனிங் முழுக்க கியர் ஆயிலில் ஊறிக் கறுத்திருந்தது. ஹப்புக்குள் கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறக் குழம்பு. வலப்பக்க முன்சக்கரத்திலும் அதே நிலை, கொஞ்சம் குறைவாக. இடப்பக்கம் இரண்டிலும் உலர்ந்த, நல்ல லைனிங். வண்டி ஏன் இடப்பக்கம் இழுத்தது என்பதற்கு விடை கிடைத்துவிட்டது.

ஆனால் சீல் ஏன் விட்டது? பழைய சீல் என்று சொல்லி மாற்றிவிட்டுப் போயிருக்கலாம், பல பேர் அதைத்தான் செய்கிறார்கள். மெக்கானிக் அச்சின் மேலே ஏறி பிரீதரைத் தேடினார். டிஃபரன்ஷியல் ஹவுசிங்கின் தலையில் விரல் முனை அளவு ஒரு மூடி. ஓடும்போது கியர் ஆயில் சூடாகி உள்ளே அழுத்தம் கூடினால் இதன் வழியாகத்தான் வெளியேற வேண்டும். டிப்போவில் ஹவுசிங்குக்கு அடித்த பெயின்ட் அதற்கு மேலும் விழுந்து, அதற்கு மேல் சேறு காய்ந்து, சுத்தமாக அடைபட்டிருந்தது. வழி இல்லாத அழுத்தம் ஆயிலை ஆக்சில் சீல் வழியாகவும், ஹப் சுழலும் முனையான ஸ்பிண்டிலில் வெட்டியிருக்கும் கீவே இடுக்கு வழியாகவும் ஹப்புக்குள் தள்ளியிருக்கிறது. முன் அச்சின் பிரீதரும் அப்படியே. நடு அச்சினுடையது மட்டும் திறந்திருந்தது. அதன் டிரம்களில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை.

இடையில் ஒரு எச்சரிக்கை. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம் என்று வைத்துக்கொண்டு, காற்றடித்துத் தூசி கிளப்பாமல் நனைத்துத் துடைத்தார்கள். ராணுவப் பெயின்ட்டையும் தேய்க்கவில்லை. அதில், அடிப்பூச்சு உட்பட, நுரையீரலுக்கு ஆகாத பொருட்கள் உண்டு.

உதிரிபாகம் தேடியது

தேவைப்பட்டவை: ஹப் சீல்கள், ஆக்சில் சீல்கள், எல்லா வீல் சிலிண்டருக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கும் ரப்பர், பிரேக் ஹோஸ்கள், இரண்டு சக்கரத்துக்கு ஷூ, முறிந்த ஸ்டட்டுகள், பூஸ்டருக்கான ரப்பர் கிட்.

'எம்35-க்கு வீல் சிலிண்டர்' என்று கேட்டால் கிடைப்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. இந்த வண்டியின் நல்ல காலம், அதற்கு ராணுவம் எழுதிய கையேடுகள் அரசு வெளியீடுகள், இலவசமாகக் கிடைக்கின்றன. டிஎம் (தொழில்நுட்பக் கையேடு) 9-2320-209 வரிசை, அதற்குப் பின் வந்த 9-2320-361 வரிசை. எண்ணின் வாலில் 10 என்றால் ஓட்டுநருக்கு, 20 என்றால் பிரிவுப் பட்டறைக்கு, 34 என்றால் பெரிய பட்டறைக்கு. அதோடு பி சேர்ந்தால் உதிரிபாகப் பட்டியல். நமக்கு வேண்டியது பெரும்பாலும் 20பி. படத்தில் பாகத்தைப் பார்த்து, அதன் எண்ணைப் பிடித்து, எதிரே உள்ள பட்டியலில் என்எஸ்என், அதாவது 13 இலக்க தேசிய இருப்பு எண்ணை எடுக்க வேண்டும்.

அந்த எண்ணை வாசிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. முதல் நான்கு இலக்கம் வகை: 2530 என்றால் பிரேக், ஸ்டியரிங், அச்சு, சக்கரம், 3110 பேரிங், 4720 ஹோஸ், 5330 சீல், கேஸ்கட் வகையறா. அடுத்த இரண்டு, எண் கொடுத்த நாடு. 00, 01 இரண்டும் அமெரிக்கா; 12 ஜெர்மனி, 99 பிரிட்டன். மிச்சம் ஏழு, அந்தப் பாகத்தின் சொந்த எண். வகை எண் சில சமயம் மாறும், கடைசி ஒன்பது மாறாது. ஆகவே தேடும்போது கடைசி ஒன்பதை மட்டும் போட்டுத் தேடுவது என் வழக்கம். 1974-க்கு முந்தைய பொட்டலங்களில் 11 இலக்கம்தான் இருக்கும். முதல் நான்குக்குப் பின் 00 செருகினால் இன்றைய எண் வந்துவிடும். இது தெரியாத ஒரு வியாபாரி எங்களுக்கு வேண்டிய ஸ்டட்டுகளை 'என்ன வண்டி என்று தெரியாது' பெட்டியில் போட்டு வைத்திருந்தார்.

பேரிங், சீல் இரண்டுக்கும் ராணுவப் பொட்டலமே தேவையில்லை. பட்டியலில் தயாரிப்பாளரின் எண்ணும் இருக்கும், அதை வைத்துச் சாதாரண பேரிங் கடையிலேயே வாங்கலாம். ஆனாலும் கழற்றிய சீலின் உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் மூன்றையும் வெர்னியரில் அளந்து கையேட்டோடு ஒப்பிட்ட பிறகே ஆர்டர் போட்டோம். டிப்போ தகட்டைப் பார்த்தபின் அந்த எச்சரிக்கை தேவைப்பட்டது.

வீல் சிலிண்டரில்தான் ஒரு வாக்குவாதம் வந்தது. அண்ணன் ஒரு பழைய இருப்பிலிருந்து மலிவாக ஒரு செட் வாங்கி வந்துவிட்டார். மெழுகுத்தாளும் அட்டைப்பெட்டியும் பிரிக்காமல், சரியான என்எஸ்என் எண்ணோடு, பார்க்க அத்தனை அழகு. ஒன்றைப் பிரித்து பிஸ்டனைக் கட்டைவிரலால் தள்ளினால் அசையவில்லை. உள்ளே, ஆயிலைத் தடுத்து நிறுத்தும் ரப்பர் கப் சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் அழுத்தினால் ரப்பரில் பள்ளம் விழுந்து அப்படியே நின்றது.

பொட்டலத்தில் இருக்கும் தேதி பொட்டலம் கட்டிய தேதி. ரப்பருக்குத் தனியாக வார்ப்புத் தேதி உண்டு. 3கியூ78 என்றிருந்தால் 1978-இன் மூன்றாம் காலாண்டு. உலோகத்துக்கு வயது ஒரு பொருட்டில்லை. ரப்பருக்கு வயதுதான் எல்லாம். கடைசியில் சமரசமாக, அந்தச் சிலிண்டர்களின் உலோக உடலை மட்டும் வைத்துக்கொண்டோம். உட்சுவரை மெல்ல ஹோன் பண்ணி (தேய்த்து வழவழப்பாக்கி), குழி விழுந்த ஒன்றை ஒதுக்கிவிட்டு, ரப்பர் கப்புகளைப் புதிதாகத் தயாராகும் கிட்டிலிருந்து போட்டோம். ஹோஸ்களைப் பழைய இருப்பில் வாங்கும் பேச்சே எழவில்லை, எல்லாம் புதிது.

எந்த பிரேக் ஆயில்?

கிளைக்காலுக்கு மாறிவிடலாம் என்பதற்கும் நியாயம் இருந்தது. எங்கும் கிடைக்கும், பெடல் கெட்டியாக இருக்கும், காற்று எடுப்பது சுலபம். ஆனால் ஈரத்தை உறிஞ்சும், காலாகாலத்தில் மாற்ற வேண்டும், சிந்தினால் பெயின்ட்டைத் தின்னும். இந்த வண்டி வருடத்தில் பாதி நாள் கொட்டகையில் நிற்கப் போகிறது. ரப்பர், ஹோஸ் எல்லாமே மாற்றப்படுவதால் பழையதன் எச்சம் இல்லாமல் தொடங்கவும் வழி இருந்தது. அதனால் கையேடு சொல்லும் சிலிக்கோனிலேயே நிற்பது என்று முடிவு செய்தோம். உலோகக் குழாய்களை ஆல்கஹாலால் கழுவி, உலர்ந்த காற்றடித்துக் காயவைத்தோம். ரிசர்வாயர் மூடியருகே 'டாட் 5 மட்டும்' என்று தகடு அடித்து மாட்டினோம்.

சிலிக்கோனுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு: காற்றுக் குமிழைப் பிடித்து வைத்துக்கொள்ளும். டப்பாவைக் குலுக்கக் கூடாது, மெதுவாக ஊற்ற வேண்டும், பெடலைப் படபடவென்று மிதிக்கக் கூடாது. முதலில் பூஸ்டரில் காற்று எடுத்து, பிறகு தூரத்துச் சக்கரத்திலிருந்து கிட்டத்துக்கு வந்தார்கள். மறுநாள் அதே வரிசையில் இன்னொரு முறை எடுத்தபோதும் கொஞ்சம் குமிழ் வந்தது.

பூஸ்டரைப் பற்றி: கழற்றிப் பிரித்துப் பார்த்தால் உடம்பு நன்றாகவே இருந்தது, ரப்பர் கிட் மட்டும் மாற்றினோம். புதிதாக வாங்கியிருந்தால் பணம் போயிருக்கும், வண்டி இடப்பக்கமே இழுத்திருக்கும்.

அதன் பிறகு நடந்தது

மூன்று பிரீதரும் மாற்றப்பட்டன. கீவே இடுக்கை சீலன்ட் வைத்து அடைத்து, ஸ்பிண்டில் நட்டை முறைப்படி இறுக்கிப் பின் தளர்த்தி, பூட்டுத்தகடு போட்டு, வெளி நட்டை இறுக்கினார் மெக்கானிக். சமதரையில், மனிதர் நடக்கும் வேகத்தில் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டிப் பார்த்ததில் வண்டி நேராக நின்றது. பெடல் முதல் மிதியிலேயே பிடித்தது.

முதல் சில ஓட்டங்களுக்குப் பின் ஒவ்வொரு ஹப்பையும் கையால் தொட்டுப் பார்க்கச் சொல்லியிருந்தார். ஒன்று மட்டும் கை வைக்க முடியாத சூடு. ஷூ உரசுகிறதா, பேரிங் இறுக்கமா என்று தெரிந்துகொள்ள, ஷூவைத் தளர்த்திவிட்டு மறுபடி ஓட்டினார். சூடு குறையவில்லை. பேரிங்தான். திரும்பக் கழற்றி நட்டைச் சரிசெய்ததும் அடங்கியது.

அப்புறம், எதிர்பாராத ஒன்று. வண்டி ஆயிலே குடிப்பதில்லை, மட்டம் கூடிக்கொண்டுதான் போகிறது என்று தம்பி சந்தோஷமாகச் சொன்னார். டிப் ஸ்டிக்கை உருவி முகர்ந்தால் டீசல் வாடை. இந்த என்ஜினில் இஞ்செக்‌ஷன் பம்புக்கு என்ஜின் ஆயிலே மசகு. பம்பின் ஹைட்ராலிக் ஹெட்டில் உள்ள ஓ-ரிங் விட்டால் டீசல் நேராக ஆயில் தொட்டிக்கு இறங்கும். நீர்த்த ஆயிலோடு ஓட்டினால் பேரிங் ஷெல்கள் தேயும். மறுபடி வண்டி நின்றது. பம்பைச் சோதனை மேடை உள்ள டீசல் பம்ப் பட்டறைக்கு அனுப்பி, ரப்பர் மாற்றி, அளவு வைத்து வாங்கினார்கள். பம்பைத் திருகிச் சக்தி கூட்டும் யோசனை அதோடு கைவிடப்பட்டது.

இப்போது மாற்றிக்கொண்டவை

வண்டிக்கென்று ஒரு நோட்டு இருக்கிறது. அதில் கையேட்டில் உள்ள பாகமல்ல, வண்டியில் உண்மையில் பூட்டியிருக்கும் பாகம் எழுதப்படுகிறது: அளவு, என்எஸ்என், தயாரிப்பாளர் எண், வாங்கிய இடம், ரப்பரானால் வார்ப்புத் தேதி. பிரீதரைக் கையால் சுழற்றிப் பார்ப்பது கிரீஸ் அடிக்கும் நாளின் வேலையாகிவிட்டது. இடப்பக்கச் சக்கரங்களின் மேலே இடது மரை என்று பெரிதாக எழுதியாயிற்று. வெளிக் கடையில் டயர் கழற்றினால் உரிமையாளரில் ஒருவர் கூட நிற்பது கட்டாயம்.

அடுத்த முறை இப்படி ஒரு வண்டி வாங்கினால், ஏலத்துக்கு முன்பே பார்க்க வேண்டியவற்றில் பிரேக் ஆயில் பாட்டில் சோதனையையும், டிப் ஸ்டிக்கை முகர்வதையும் சேர்க்க வேண்டும் என்பது அவர்கள் முடிவு. இரண்டுக்கும் கருவி தேவையில்லை. ஏல முற்றத்தில் அனுமதி இருந்தால் பிரீதர், ஹப்பின் உட்புறக் கசிவு இரண்டையும் படுத்துப் பார்க்கலாம்.

பாகத்துக்காக இன்னொரு செத்த வண்டி வாங்கிப் போடலாமா என்ற கேள்வி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. என் கருத்தில், கதவு, ஹப், டிரம், அச்சு ஹவுசிங், கியர்பாக்ஸ் போன்ற உலோகப் பாகங்களுக்காக என்றால் வாங்கலாம். அவற்றைப் புதிதாகச் செய்வோர் குறைவு, இருப்பும் ஆண்டுக்காண்டு இறங்குகிறது. சீல், ஹோஸ், கப் இவற்றுக்காக என்றால் வேண்டாம், அவை அந்த வண்டியிலும் இதே வயதுதான். மெக்கானிக்குக்கு இதில் உடன்பாடில்லை. நல்ல ஸ்பிண்டிலும் ஹப்பும் நான்கு கிடைத்தாலே போட்ட பணம் திரும்பிவிடும் என்கிறார். இடம் யாருடையது என்பதுதான் இப்போதைய பிரச்சினை. அண்ணன் கொட்டகையைத் தரத் தயாராக இல்லை.